டீக்கடை அக்காவின் சாண்

மீன் பிடிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. கண்டக்டர் வேலைக்கும் அது ஆகாது. பொறுமையாக இருந்தால் படிக்கட்டில் தொங்குகிறவன் கடைசி ஸ்டாப் வரை தொங்கிக்கொண்டே வருவான். அப்படிப்பட்ட நான் நாலு வருடம் ஜவ்வாது மலையில் ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டேன் என்றால் அதற்குக் காரணம் எங்கள் பஸ்ஸின் டைம் டேபிள்தான்.

காலையில் ஒடுகத்தூரில் எடுத்தால் பதினோரு மணிக்கு மலை மேல் கடைசி ஊருக்குப் போய்ச் சேருவோம். திரும்பி எடுப்பது இரண்டு மணிக்கு. நடுவில் மூன்று மணி நேரம் ஹால்ட். அந்த ஊரில் ஒரு ரேஷன் கடை, ஒரு பள்ளிக்கூடம், பாலத்தடியில் ஒரு டீக்கடை. பேப்பரை விளம்பரம் உட்பட இரண்டு தடவை படித்து முடித்தாலும் பன்னிரண்டுகூட ஆகாது. டிரைவர் அண்ணன் எனக்கு முன்பே இரண்டு வருடம் அந்த ரூட்டில் ஓட்டியவர். முதல் நாளே ஒரு மூங்கில் கழியை என் கையில் கொடுத்தார்.

"தூங்கினா ராத்திரி தூக்கம் வராது. சீட்டாடினா சண்டை வரும். இத்த புடி."

ஆற்றில் பாலத்துக்கு மேலே இருக்கிற மடு காட்டிலாகாவைச் சேர்ந்தது. அங்கே காலை நனைத்தாலே கேள்வி வரும். பாலத்துக்குக் கீழே இருக்கிற மடு ஊரைச் சேர்ந்தது. அதற்கு ஊர் போட்ட கட்டு உண்டு. வலை கூடாது. பிளீச்சிங் பவுடர் கலக்கி மீனை மிதக்கவிடக் கூடாது. ஆளுக்கு ஒரு கழி, கழிக்கு ஒரு முள். ஆடியில் புதுவெள்ளம் வந்தால் சினை மீன்கள் மேலே ஏறும் என்பதால் அன்றிலிருந்து புரட்டாசி முடிகிற வரை யாரும் தூண்டிலைத் தொடக்கூடாது. இதெல்லாம் எந்த ஊரிலும் இருக்கக்கூடியதுதான். எங்களை ஆட்டிப் படைத்தது வேறொரு கட்டு. ஒரு சாணுக்குக் குறைந்த மீனை எடுக்கக்கூடாது, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

யாருடைய சாண் என்று கேட்பீர்கள். ஊரிலும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் அவரவர் சாண் என்று இருந்ததாம். குள்ளமான ஆட்களுக்கெல்லாம் நல்ல காலம். நெட்டையாக ஒருவர், தன் கை தோதுப்படாது என்று இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து அளந்திருக்கிறார். அதில் கைகலப்பாகி, ஊர் கூடிப் பேசி, கடைசியில் ஒரே ஒரு கையைப் பொதுவாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதுதான் டீக்கடை அக்காவின் வலது கை.

அக்கா தூண்டில் போடுகிறவர் அல்ல. ஊரில் சொந்தக்காரன், வேண்டாதவன் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி திட்டுகிறவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கையை யாராவது முதலில் பார்த்திருக்க வேண்டாமா? ஆறு டீ கிளாஸை ஒரே கையில் அள்ளி எடுக்கிற கை அது. கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து அவர் மீனின் மேல் வைத்தால் பாதி மீன்கள் அதிலேயே காணாமல் போய்விடும்.

"பேசாம ஒரு குச்சிய அளந்து வெட்டி வச்சிக்கலாமே" என்று நான் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"குச்சிய எவன் வேணா ஒடைச்சி சின்னதாக்கிடுவான். அது கைய எவன் ஒடைப்பான்?"

பிடித்த மீனைத் தண்ணீரோடு ஒரு சட்டியில் போட்டு, உயிரோடு கடைக்குக் கொண்டு போக வேண்டும். அக்கா கையை நனைத்துக்கொள்வார். வாயிலிருந்து வால் துடுப்பு தொடங்குகிற இடம் வரைதான் கணக்கு. துடுப்பு சேர்த்தி இல்லை. டிரைவர் அண்ணன் ஆறு வருடமாகச் சண்டை போட்டது இதற்காகத்தான்.

"வாலு மீன்ல சேர்த்தி இல்லியா? அப்ப அது இன்னா, பக்கத்து வூட்டுதா?"

"டிரைவரே, பஸ்ஸு நீளம் கேட்டா பின்னாடி வர்ற பொகையையும் சேத்தா சொல்லுவீங்க? போய் தண்ணில வுடுங்க."

அவருக்கு ஒரு மீன்கூடத் தேறவில்லை. ஆறு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்கு மூன்று தேறின. இதை நான் அவரிடம் வாரத்துக்கு ஒரு முறையாவது நினைவுபடுத்துவேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு.

இதுவரை சொன்னதில் யாருக்கும் நஷ்டமில்லை. வம்பு வேறு இடத்தில் இருந்தது. அண்ணன் அந்த ரூட்டுக்கு வந்த புதிதில், மலை மேல் மூன்று மணி நேரம் என்ன செய்கிறீர்கள் என்று வீட்டில் அண்ணி கேட்டிருக்கிறார். மீன் பிடிக்கிறேன் என்று இவர் சொல்ல, எங்கே மீன் என்று அவர் கேட்க, மறுநாள் இறங்கி வரும்போது ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீன் கடையில் நாலு கெண்டையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அதை எந்த இடத்தில், எப்படிப் பிடித்தேன் என்று ஒரு கதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பத்து நாளைக்கு ஒரு முறை மீனும் கதையும் வீட்டுக்குப் போயின.

நான் வந்து சேர்ந்த பிறகு அந்த ஏற்பாட்டைச் சீர்படுத்தினேன். கடைக்காரர் செதிலை உரிக்கப் போனால் நான்தான் குறுக்கே விழுந்து தடுப்பேன். ஐஸைக் கழுவி எடுப்பதும் என் பொறுப்பு. மீன் சில்லென்று இருந்தால் மலைத் தண்ணீர் அப்படித்தான் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் கடையில் சங்கரா மீனைத் தவிர வேறெதுவும் இல்லை. சங்கரா கடல் மீன், செக்கச் செவேலென்று இருக்கும். வேண்டாம் என்றார் அண்ணன். வாங்குங்கள், நான் பொறுப்பு என்றேன்.

மறுநாள் காலையில் கேட்டேன். "அண்ணி ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னாங்க செவப்பா கீதுன்னா. மேல குளிரு ஜாஸ்தி, அங்க மீனுங்க அப்படித்தான் இருக்கும்னேன். வறுத்து வச்சா. நல்லா இருந்துச்சி."

அன்று முழுக்க நான் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். பயணிகள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு மாசி மாதம் பிரேக் விழுந்தது. அண்ணனை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து சமவெளியில் ஓட்ட வேண்டும். அதைக் கேட்டதும் அண்ணி ஒரே ஒரு ஆசைதான் சொன்னாராம். இத்தனை வருஷம் நமக்கு மீன் கொடுத்த ஆற்றை ஒரு தடவை பார்க்க வேண்டும், நீங்கள் பிடிப்பதையும் பார்க்க வேண்டும் என்று.

இதை என்னிடம் சொன்னபோது அண்ணனின் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் வழக்கம்போலக் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன்.

"சிரிக்காத தம்பி. முப்பது வருசத்துல அவகிட்ட நான் சொன்ன பொய்யி இது ஒண்ணுதான். குடிச்சா குடிச்சேன்னு சொல்லுவேன். தோத்தா தோத்தேன்னு சொல்லுவேன். இது ஒண்ணு வெளிய வந்துச்சின்னா, சொன்ன மத்தது எல்லாமே பொய்யின்னு ஆயிடும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

அண்ணி வருவதற்கு முந்தின நாள் ஹால்ட்டில் நேராக அக்காவிடம் போனேன். முழுக் கதையையும் சொல்லி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் பார்த்து அளக்கச் சொன்னேன். அக்கா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"யோவ் கண்டக்டரு, பத்து டிக்கெட்டு குடுத்துட்டு பன்னெண்டு பேர ஏத்துவியா நீ? என் கை இன்னா ரப்பரா, உனக்கு ஏத்தாப்ல இழுத்து வுட? எழுந்து போ."

கடையில் இருந்த நாலு பேர் என்னையே பார்த்தார்கள். சொன்ன கதை ஊர் முழுக்கப் பரவியதுதான் மிச்சம். சரி, அக்கா இல்லாவிட்டால் என்ன, என் மூளை இருக்கிறது என்று கிளம்பினேன். மறுநாள் விடிந்ததும் ஒடுகத்தூர் மீன் கடையில், தொட்டியில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்த விரால் ஒன்றை வாங்கினேன். என் முழங்கை நீளம். அக்காவின் கையில் ஒன்றரை சாண் வரும். அதை ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு போட்டு, வாயைத் துணியால் கட்டி, என் சீட்டுக்கு அடியில் வைத்தேன். மடுவில் அண்ணனின் முள்ளில் யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடுவது என்பது திட்டம். விரால் எங்கள் கீழ்நாட்டு ஏரி மீன், கல்லும் பாறையுமாக ஓடுகிற அந்த ஆற்றில் யாரும் அதைப் பார்த்ததே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் மலை மீன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அண்ணி புதுப் புடவையில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். அதிகம் பேசுகிறவர் அல்ல. எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். வாங்கிக்கொண்டபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

நாலாவது வளைவில் அண்ணன் கொஞ்சம் வேகமாகத் திருப்பினார். குடம் சாய்ந்தது. கட்டியிருந்த துணி எங்கே போனதோ, விரால் வெளியே துள்ளி, உர மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவரின் மடியில் விழுந்தது. அவர் பாம்பு பாம்பு என்று கத்திக்கொண்டு மூட்டைமேலேயே ஏறி நின்றார். பஸ்ஸில் ஒரே கூச்சல். நான் மூன்று முறை பாய்ந்து பிடித்தேன், மூன்று முறையும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அண்ணி எழுந்து வந்தார். குனிந்து, தலைக்குப் பின்னால் இரண்டு விரலால் ஓர் அழுத்து அழுத்தித் தூக்கினார். அவர் பிறந்தது ஏரிக்கரை ஊர் என்பதை அண்ணன் எனக்குச் சொன்னதே இல்லை.

"இது யாருது?" என்றார்.

"என்னுதுதான் அண்ணி. வூட்டுக்கு வாங்கினேன்."

"வூடு கீழ கீது. மீனு மேல போவுது?"

நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். அண்ணி தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, மீனை உள்ளே விட்டு, குடத்தைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் அண்ணனின் கண்கள் தெரிந்தன. அதற்கப்புறம் வளைவுகளில் பஸ் மாட்டு வண்டி வேகத்தில் போனது.

மேலே போய் இறங்கியதும் அண்ணி குடத்தோடு நேராக டீக்கடைக்குப் போனார். உள்ளே என்ன என்று அக்கா கேட்டார்.

"ஏரி மீனு. கண்டக்டர் தம்பி அதுக்கு மலைய சுத்திக் காட்ட இட்டாந்துகீது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் ரேஷன் கடைப் பக்கம் நகர்ந்து நின்றேன். ஆனால் காது அங்கேயேதான் இருந்தது. அக்கா அண்ணிக்கு டீ கொடுத்து, ஊர்க் கட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர் யார் என்று தெரிந்தும் ஒன்றையும் விடவில்லை.

"ஆடியில இருந்து பொரட்டாசி முடியற வரைக்கும் இங்க ஒருத்தரும் தூண்டி போடக் கூடாதும்மா."

"அப்படிங்களா? போன ஆவணியில கூட..." என்று ஆரம்பித்த அண்ணி நிறுத்திக்கொண்டார். டீயை ஒரு வாய் குடித்தார். "டீ நல்லா கீது" என்றார்.

எங்கள் ஏற்பாட்டில் மாதக் கணக்கு பார்க்க நான் மறந்திருந்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

அண்ணன் மடுவில் போய் உட்கார்ந்தார். அண்ணி பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். அண்ணன் கேழ்வரகு மாவை உருட்டி முள்ளில் குத்தப் பார்த்தார். முப்பது வருடம் வெயிலிலும் மழையிலும் ஸ்டியரிங் பிடித்தவர், ஒரு மாவு உருண்டையை இரண்டு தடவை கீழே போட்டார். எனக்கு அவர்மேல் இரக்கமும், என்மேல் கோபமும் வந்தது. சங்கராவை நான்தானே வாங்க வைத்தேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கடி, வெறும் முள். இன்னொரு கடி, விரல் நீளக் குஞ்சு. அதைக் கழற்றி விட்டார். ஒன்றரை மணி இருக்கும், மயிலிறகுத் தண்டில் செய்த மிதவை ஒரேயடியாக உள்ளே போனது. கழி வளைந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயில் இருந்த விசிலை இரண்டு முறை ஓங்கி ஊதிவிட்டேன்.

இரண்டு விசில் என்றால் பஸ் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். கடையில், மரத்தடியில், ரேஷன் கியூவில் இருந்தவர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஓட்டுகிற ஆள் இல்லை என்றதும் அத்தனை பேரும் ஆற்றுக்கு ஓடி வந்தார்கள். அதற்குள் அண்ணன் மீனைக் கரைக்கு இழுத்துவிட்டிருந்தார். நல்ல கெண்டை. வெயிலில் தகதகவென்றிருந்தது. ஆறு வருடத்தில் அவர் பிடித்ததிலேயே பெரியது. சட்டியில் போட்டுக்கொண்டு அவர் முன்னே நடக்க, அண்ணி பின்னால், அதற்குப் பின்னால் நானும் முப்பது பயணிகளும்.

அக்கா கையை நனைத்தார். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். கை மீனின் மேல் விரிந்தது. சுண்டு விரல் வாலின் தொடக்கத்தில் நின்றது. கட்டை விரல் மீனின் வாயைத் தாண்டவில்லை.

"தேறிச்சி" என்றார் அக்கா.

கூட்டம் ஓவென்று கத்தியது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். கத்திக்கொண்டே பார்த்தேன். அக்காவின் கட்டை விரல் கணுவில் மடங்கியிருந்தது. நேற்று என்னை எழுந்து போ என்று விரட்டிய அதே அக்கா. அவர் கண் என் பக்கம் திரும்பி, வாயைத் திற பார்க்கலாம் என்றது.

அண்ணி சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, கட்ட வெரலு மடங்கிகீது. நல்லா விரிச்சி வைங்க."

சத்தம் அப்படியே நின்றுபோனது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அண்ணியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மறுபடியும் கையை நனைத்து, விரலை நேராக நீட்டி வைத்தார். மீன் ஒரு விரற்கடை குறைந்தது.

"தேறல" என்றார் அக்கா. அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணி சட்டியை எடுத்து அண்ணனின் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ஆற்றுக்கு நடந்தார்கள். பின்னால் போக எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போனேன். அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சட்டியைச் சாய்த்தபடி நின்றார். மீன் உடனே போகவில்லை. அவர் விரல்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?" என்று அண்ணன் தண்ணீரைப் பார்த்தே கேட்டார்.

"மொத நாளே. நான் ஏரிக்கரையில பொறந்தவ, ஐஸுல வச்ச மீனு தெரியாதா?"

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீங்க கத சொல்லிகினே சாப்டீங்க. அதுக்கு முன்ன இருந்த ரூட்டுல வூட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டீங்க."

மீன் வாலை ஓர் உதறு உதறிவிட்டுப் பாறைக்கு அடியில் போய்விட்டது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அது போன இடத்தையே பார்த்தார்.

"ஆறு வருசமா நீங்க வாங்கியாந்த மீன தின்னேன்," என்றார். "நீங்க புடிச்ச மீன இன்னிக்கிதான் பாக்கறேன். நல்ல மீனுங்க."

அண்ணன் அழுதார். மறைக்கவும் இல்லை. மேலே பாலத்தில் பயணிகள் மணி இரண்டேகால் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய், பின் டயரில் காற்று இறங்கிவிட்டது, அரை மணி நேரம் ஆகும் என்று சொன்னேன்.